அத்தியாயம் 7: இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும்

எசல பெரஹரா நெருங்கும் நாட்களில் கண்டியில் அறை கிடைப்பது கஷ்டம். வாவியைச் சுற்றியுள்ள விருந்தினர் இல்லங்களும், ஹந்தானை, அம்பிட்டிய பக்கத்துச் சிறு ஹோட்டல்களும் முன்பதிவுகளால் திணறும். அந்த முன்பதிவுகளைக் கையாளும் மென்பொருள் பல இடங்களில் இன்று கொன்டெய்னர்களில்தான் ஓடுகிறது. இணையப் பக்கம் ஒன்றில், தரவுத்தளம் இன்னொன்றில், காப்புப் பிரதி எடுக்கும் சிறு நிரல் மூன்றாவதில். சேர்வர் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். வரவேற்பறைக்குப் பின்னால் தூசு படிந்து கிடக்கும் பழைய கணினியாகவும் இருக்கலாம். அதை அமைத்தவர் பேராதனையில் கணினிப் பொறியியல் படித்த யாரோ ஓர் இளைஞர். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்கோ கடல் கடந்தோ போயிருப்பார். எஞ்சியிருப்பவர் கணக்கும் எழுதி, கணினியும் பார்க்கிற ஒருவர்.

கட்டுகஸ்தோட்டையில் உள்ள தனியார் வகுப்பு நிலையம், குண்டசாலையில் உள்ள மருத்துவ ஆய்வுகூடம், கம்பளைப் பக்கத்துத் தோட்ட அலுவலகம் என்று எங்கே போனாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். இந்த அத்தியாயம் அந்த ஒற்றை நிர்வாகிக்கு.

அவர் பயப்படுவது வழக்கமாக வெளியாருக்கு: இணையப் பக்கத்தைத் தட்டிப் பார்ப்பவர்கள், கடவுச்சொல்லை ஊகிப்பவர்கள். அந்தப் பயம் தேவையானதே. ஆனால் கொன்டெய்னர் மென்பொருள்களின் வரலாற்றைப் பார்த்தால், சில மோசமான ஓட்டைகள் நிர்வாகி தன் கையாலேயே தட்டச்சு செய்யும் சாதாரணக் கட்டளைகளில்தான் இருந்திருக்கின்றன. ஒரு கோப்பைப் பிரதி எடுப்பது, ஓடுவது என்னவென்று எட்டிப் பார்ப்பது போன்ற கட்டளைகள்.

முற்றத்திலிருந்து வீதிக்கு

கோப்புப் பாதை ஒன்றில் ../ என்று எழுதினால் 'ஒரு கோப்புறை மேலே போ' என்று பொருள். கண்டியின் சரிவுகளில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு வீட்டு முற்றத்தில் நிற்பவரிடம் 'ஒரு படிக்கட்டு ஏறுங்கள், இன்னும் ஒன்று ஏறுங்கள்' என்று சொல்லிக்கொண்டே போனால் அவர் வீதிக்கு வந்துவிடுவார். வீதிக்கு வந்தவர் எந்த வீட்டுக்கும் இறங்கலாம். 'இந்தக் கோப்புறைக்குள் மட்டும் தேடு' என்று நிரலுக்குச் சொல்லியிருக்கும்போது, வெளியாள் ஒருவர் கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ../../../ என்று எழுதித் தருகிறார். நிரல் அதை அப்படியே நம்பி மேலே ஏறிப் போனால் அதுதான் பாதை தாண்டல் குறைபாடு.

குறியீட்டு இணைப்பு என்பது இதன் நெருங்கிய உறவு. லினக்ஸில் ஒரு கோப்பு உண்மையில் கோப்பாக இல்லாமல், வேறோர் இடத்தைச் சுட்டும் வெறும் கைகாட்டியாக இருக்கலாம். பாதையில் புள்ளி எதுவும் இல்லை, பார்க்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு கைகாட்டி வெளியே இழுத்துச் செல்கிறது.

இதைத் தடுக்கும் வேலை லேசானது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். 2021 செப்டெம்பரில் வெளிவந்த அப்பாச்சி இணைய சேர்வரின் 2.4.49 பதிப்பில், புள்ளியை விழுக்காட்டுக் குறிமுறையில் எழுதினாலே காவல் ஏமாந்துவிட்டது. ஒக்டோபர் 4 அன்று 2.4.50 வந்தது. அதே குறிமுறையை இரண்டு அடுக்காக எழுதியவர்கள் அதையும் தாண்டினார்கள். மூன்று நாள் கழித்து 2.4.51 வந்தது. உலகின் மிகப் பழகிய இணைய மென்பொருள்களில் ஒன்றுக்கே இந்தக் கதி.

கொன்டெய்னரில் இது இன்னும் கடுமையாகிறது. கொன்டெய்னர் தனிக் கணினி அல்ல. அது சேர்வரின் அதே லினக்ஸ் கருவைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு நிரல். தனக்கென்று முழு வன்தட்டு இருப்பதுபோல அதற்குக் காட்டப்படுகிறது, அவ்வளவுதான். அது 'முழு வன்தட்டு' என்று நினைப்பது சேர்வரில் எங்கோ ஓர் ஆழத்தில் இருக்கும் கோப்புறை. அதற்கு மேலே ஏறினால் சேர்வரின் சொந்தக் கோப்புகள். உள்ளே இருக்கும் நிரலால் சாதாரணமாக மேலே ஏற முடியாது, கரு அதை மறிக்கும். ஆனால் வெளியே இருந்து அதை நிர்வகிக்கும் டொக்கர் இயந்திரம் வழமையான நிறுவலில் ரூட் எனப்படும் முழு அதிகாரத்துடன் ஓடுகிறது, அதை யாரும் மறிப்பதில்லை. உள்ளே இருப்பவன் சொல்லும் பாதையை வெளியே இருக்கும் அதிகாரி நம்பினால், தாண்டுவது உள்ளே இருப்பவன் அல்ல, அதிகாரியே.

ஐந்து தடவை அடைத்த ஓட்டை

பெரிய அளவில் கொன்டெய்னர்களை ஓட்டுகிறவர்கள் குபர்நெட்டிஸ் பயன்படுத்துகிறார்கள். அதன் கட்டளைக் கருவியான கியூப்கொன்ட்ரோலில் 'சிபி' என்ற பிரதி எடுக்கும் கட்டளை உண்டு. கொன்டெய்னருக்குள் உள்ள பதிவேட்டுக் கோப்பொன்றை நிர்வாகியின் மடிக்கணினிக்குக் கொண்டுவர இதைத்தான் கையாள்வார்கள். அது வேலை செய்யும் விதம் கவனிக்க வேண்டியது. கருவி தானே கோப்பை எடுப்பதில்லை. கொன்டெய்னருக்குள் இருக்கும் 'டார்' என்ற கட்டு கட்டும் நிரலை அழைத்து, 'இதைக் கட்டி அனுப்பு' என்கிறது. வந்த கட்டை நிர்வாகியின் கணினியில் அவிழ்க்கிறது.

கொன்டெய்னர் ஏற்கெனவே ஒருவர் கையில் விழுந்திருந்தால் அந்த 'டார்' நிரலும் அவருடையதே. அவர் விரும்பிய கோப்பை, விரும்பிய பாதையுடன் கட்டி அனுப்பலாம். நிர்வாகி கேட்டது நேற்றைய பதிவேடு. வந்து இறங்குவது அவருடைய வீட்டுக் கோப்புறையில் உள்ள தொடக்க அமைப்புக் கோப்புக்கு மேலே எழுதப்படும் வேறொன்று. அடுத்த முறை அவர் உள்நுழையும்போது அது ஓடும்.

முதல் குறைபாடு 2018இல் பதிவானது. பகிரங்கமான குறைபாடுகளுக்குத் தரப்படும் சி.வி.இ. என்ற அடையாள எண்களில் அதற்கு 2018-1002100. புள்ளிகளைச் சரிபார்த்து அடைத்தார்கள். 2019 மார்ச்சில் ட்விஸ்ட்லொக் நிறுவனத்தின் ஏரியல் செலிவான்ஸ்கி கண்டுபிடித்த வழியில் புள்ளியே தேவைப்படவில்லை: கட்டில் முதலில் ஒரு குறியீட்டு இணைப்பை அனுப்பி, பிறகு அந்த இணைப்பின் வழியாகவே அடுத்த கோப்பை எழுத வைக்கலாம். அதையும் அடைத்தார்கள். அடைப்பு முழுமையாக இல்லை என்று அதே ஆண்டு மேலும் இரண்டு எண்கள் வந்தன. ஐந்தாவது, சி.வி.இ. 2019-11251, இரண்டு இணைப்புகளைச் சேர்த்து விளையாடியது. இந்த முறை நிரலாளர்கள் புதுக் காவல் எதையும் வைக்கவில்லை. குறியீட்டு இணைப்புகளைப் பிரதி எடுக்கும் வசதியையே அந்தக் கட்டளையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தேவைப்படுகிறவர்கள் 'டார்' நிரலை நேரடியாகக் கையாளட்டும் என்று விட்டார்கள்.

இந்த முடிவு அந்தத் துறையில் அரிதான துணிச்சல். வசதியைக் குறைத்துப் பாதுகாப்பைக் கூட்டுவதை மென்பொருள் உலகம் லேசில் செய்வதில்லை.

டொக்கரின் பிரதி எடுக்கும் கட்டளைக்கு வேறு விதமான வியாதி. அங்கே பாதை முறையாகச் சரிபார்க்கப்பட்டது. ஆனால் சரிபார்ப்பதற்கும் கோப்பைத் திறப்பதற்கும் நடுவில் ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்துக்குள் கொன்டெய்னருக்குள் ஓடும் நிரல், சாதாரணக் கோப்புறையைக் குறியீட்டு இணைப்பாக மாற்றி வைத்தால், டொக்கர் ரூட் அதிகாரத்தோடு சேர்வரின் சொந்தக் கோப்பைப் போய்த் திறக்கும். 2019 மே மாதம் சூசே நிறுவனத்தின் அலெக்சா சராய் இதைப் பகிரங்கப்படுத்தினார், எண் சி.வி.இ. 2018-15664. ஒவ்வொரு முயற்சியும் பலிக்காது. ஆனால் கணினி சலிக்காமல் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருக்கும், ஏதாவது ஒரு கணம் அகப்படும்.

இணைப்பு வெளியே இழுக்காமல் இருக்க, பிரதி எடுக்கும் துணை நிரலையே கொன்டெய்னரின் கோப்புறைக்குள் நிறுத்தி வேலை செய்ய வைக்கும் வழியும் டொக்கரில் உண்டு. நல்ல யோசனை. ஆனால் 19.03 பதிப்பில் அந்தத் துணை நிரல், உள்ளே போன பிறகு தனக்குத் தேவையான நூலகக் கோப்புகளைக் கொன்டெய்னரிலிருந்தே ஏற்றிக்கொண்டது. அந்த நூலகத்தை மாற்றி வைத்தவருக்கு ரூட் அதிகாரம் கைக்கு வந்தது. சி.வி.இ. 2019-14271 என்று எண் பெற்ற இது 19.03.1இல் சரிசெய்யப்பட்டது. பாலோ ஆல்டோ நிறுவனத்தின் யுவால் அவ்ரஹாமி பின்னர் இதை விரிவாக விளக்கி எழுதினார்.

சராய் அத்தோடு நிற்கவில்லை. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கருவில் 'இந்தக் கோப்புறைக்கு வெளியே எக்காரணம் கொண்டும் போகாதே' என்று கருவிடமே கட்டளையிடும் புதிய அழைப்பு சேர்ந்தது. அதன் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. சரிபார்ப்பதும் திறப்பதும் அங்கே ஒரே செயல். நடுவில் கணம் இல்லை.

பார்க்க மட்டும் செய்த கட்டளை

கண்டியின் சிறு நிறுவனங்களில் குபர்நெட்டிஸைவிட டொக்கர் கொம்போஸ்தான் அதிகம் எதிர்ப்படும். எந்தெந்தக் கொன்டெய்னர்கள், எந்தத் தரவு எங்கே என்பதை ஒரே கோப்பில் எழுதி, ஒரே கட்டளையில் எழுப்பும் கருவி அது. அதன் புதிய பதிப்புகளில் அந்தக் கோப்பை வெளியே உள்ள பதிவகம் ஒன்றிலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதி வந்தது. வசதி வந்தால் பின்னாலேயே வம்பும் வரும்.

2025 ஒக்டோபரில் இம்பேர்வா நிறுவனத்தின் ரொன் மசாஸ் காட்டிய குறைபாட்டுக்கு எண் சி.வி.இ. 2025-62725. கடுமை 10க்கு 8.9 என்று மதிப்பிடப்பட்டது. வெளியிலிருந்து வரும் பொதியின் ஒவ்வோர் அடுக்கிலும் சிறு குறிப்புகள் ஒட்டப்பட்டிருக்கும். 'இந்தக் கோப்பை இந்தப் பெயரில் எழுது' என்று அவை சொல்லும். கொம்போஸ் அந்தப் பெயரைத் தன் கேஷ் கோப்புறையின் பாதையோடு ஒட்டி, அப்படியே எழுதியது. பெயரில் ../ இருந்தால் மேலே ஏறியது. நிர்வாகியின் எஸ்எஸ்எச் அனுமதிப் பட்டியலில் அந்நியர் ஒருவரின் சாவியை இதன் மூலம் சேர்க்க முடிந்தது. அதாவது சேர்வருக்குள் கதவு திறந்து நுழையும் உரிமை.

இதில் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. கொன்டெய்னரை எழுப்பவே தேவையில்லை. அமைப்பு சரியா என்று காட்டும் கட்டளையும், என்ன ஓடுகிறது என்று பட்டியலிடும் கட்டளையும் அந்த வெளிப் பொதியை இழுத்து எழுதிவிடும். 'நான் ஓட்டவில்லை, எட்டித்தான் பார்த்தேன்' என்று சொல்லும் எச்சரிக்கையான நிர்வாகியும் சிக்குவார். கொம்போஸ் 2.40.2 பதிப்பில் இது அடைக்கப்பட்டது.

இதே குடும்பத்தில் இன்னும் பல உண்டு. கூகுளின் பெலிக்ஸ் வில்ஹெல்ம் கண்டுபிடித்து 2022இல் வெளியான, கொன்டெய்னர்டி என்ற கொன்டெய்னர் நிர்வாக நிரலின் குறைபாடு, ஸ்னிக் நிறுவனத்தின் ரோரி மெக்னமாரா கண்டுபிடித்து 2024 ஜனவரியில் வெளியான ரன்சி குறைபாடு ஆகிய இரண்டும் சேர்வரின் கோப்புகளைக் கொன்டெய்னருக்குக் காட்டின. ரன்சி என்பது டொக்கரும் குபர்நெட்டிஸும் அடியில் நம்பியிருக்கும் சிறு நிரல், 1.1.12 பதிப்பில் அந்த ஓட்டை மூடப்பட்டது.

போயா நாளில் செய்யக்கூடியவை

மாதம் ஒரு தடவையாவது பதிப்புகளைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. இலங்கையில் அதற்கென்று நாட்காட்டியே ஒரு வழி வைத்திருக்கிறது. போயா விடுமுறை மாதம் தவறாமல் வருகிறது, வகுப்பு நிலையமும் அலுவலகமும் மூடியிருக்கும், பயனர் தொல்லை இல்லை. ஹோட்டல்காரர்கள் மட்டும் எசல, நிக்கினிப் போயாக்களை விட்டு, பெரஹரா முடிந்த பிறகு ஒரு நாளைப் பிடிக்கலாம். பெரஹரா நாட்களில் சேர்வரில் கை வைத்தால் முதலாளி சும்மா இருக்க மாட்டார்.

முதலில் பதிப்பு எண்கள். டொக்கரின் பதிப்பைப் பார்த்தால் போதாது. கொம்போஸின் பதிப்பையும் ரன்சியின் பதிப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முன்பு அமைத்தவர் கொம்போஸைக் கையால் இறக்கித் தனிக் கோப்பாக வைத்திருந்தால், டொக்கரை எத்தனை முறை இற்றைப்படுத்தினாலும் அது அப்படியே பழையதாகக் கிடக்கும். கட்டளையில் இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைக்கோடு போட்டு எழுதும் பழைய முதலாம் தலைமுறைக் கொம்போஸ் இன்னும் ஓடுகிறதென்றால், அதற்கான ஆதரவு 2023இலேயே முடிந்துவிட்டது. ரன்சியில் 2025 நவம்பரில் மேலும் மூன்று குறைபாடுகள் வெளியாகின; 1.2.8, 1.3.3 ஆகிய பதிப்புகளில் அவை தீர்ந்தன. ஒன்றை மறக்கக் கூடாது: உபுண்டு போன்ற வெளியீடுகள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பதுண்டு. எண் பழையதாகத் தெரிந்தால் பதறாமல், அந்த வெளியீட்டின் பாதுகாப்பு அறிவிப்பில் சி.வி.இ. எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சந்தேகத்துக்குரிய கொன்டெய்னரிலிருந்து கோப்பு எடுக்க வேண்டியிருந்தால் அதை முதலில் இடைநிறுத்த வேண்டும். ஓடாத நிரலால் இணைப்பை மாற்றி விளையாட முடியாது. குபர்நெட்டிஸாக இருந்தால், அதிகாரம் இல்லாத தனிக் கணக்கொன்றில், வெற்றுக் கோப்புறை ஒன்றில் பிரதி எடுக்கலாம். தன் அன்றாடக் கணக்கில், வீட்டுக் கோப்புறையில் நின்றுகொண்டு எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது; அதுவே ஆபத்தானதும்.

டொக்கரின் கட்டுப்பாட்டு வாயிலான சொக்கெட் கோப்பை எந்தக் கொன்டெய்னருக்குள்ளாவது இணைத்திருக்கிறார்களா என்று கொம்போஸ் கோப்பில் தேட வேண்டும். போட்டெய்னர் போன்ற முகாமைப் பலகைகளுக்கு அது தேவைப்படும். ஆனால் அந்த வாயில் கையில் இருப்பவரிடம் முழுச் சேர்வரும் இருக்கிறது. அத்தகைய பலகையை இணையத்துக்கு நேரே திறந்து வைக்காமல் விபிஎன்னுக்குப் பின்னால் வைக்க வேண்டும். அதேபோல், ஒரு பயனரை 'டொக்கர்' குழுவில் சேர்ப்பது அவருக்கு ரூட் கடவுச்சொல்லைக் கொடுப்பதற்குச் சமம். பயிற்சிக்கு வந்த மாணவர்களின் கணக்குகள் பல அலுவலகங்களில் அந்தக் குழுவில் இன்னும் கிடக்கும்.

டொக்கரை ரூட் இல்லாமல் ஓட்டும் முறை 20.10 பதிப்பிலிருந்து நிலையானதாக வந்துவிட்டது. புதிதாக அமைப்பவர்கள் அதில் தொடங்கலாம். பாதை தாண்டல் நடந்தாலும் சேதம் அந்த ஒரு பயனரின் கோப்புகளோடு நிற்கும். அந்தப் பயனரின் எஸ்எஸ்எச் சாவிகள் அங்கேயே இருந்தால் அதுவும் சிறிய சேதம் அல்ல.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விருந்தினரின் அடையாள அட்டைப் படத்தையோ மாணவரின் பெறுபேற்றுத் தாளையோ பதிவேற்றும் பக்கத்தில், பயனர் தந்த பெயரிலிருந்து புள்ளிகளை வெட்டி எறிவது போதாது. ../ என்பதை ஒரு தடவை வெட்டினால், ....// என்று எழுதியவருக்கு வெட்டிய பிறகு மிஞ்சுவது அதே ../ தான். பயனர் தரும் பெயரையே பயன்படுத்தாமல் சேர்வர் தானே ஓர் எண்ணைச் சூட்டிச் சேமிப்பது எல்லாவற்றிலும் எளிது. முடியாவிட்டால், பாதையை முழுதாக விரித்து, இணைப்புகளையும் தீர்த்து, அதற்குப் பிறகே அது உரிய கோப்புறைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பார்வையிலும் ஒரு குழி உண்டு: '/தரவு/விடுதி' என்று தொடங்கினால் சரி என்று எழுதினால், '/தரவு/விடுதி-பழையது' என்பதும் தேறிவிடும். கடைசியில் சாய்கோடு சேர்த்து ஒப்பிட வேண்டும். கோ மொழியில் எழுதுகிறவர்களுக்கு 2025 பெப்ரவரியில் வந்த 1.24 பதிப்பில் இந்தக் காவல் மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது.

பதிப்புப் பார்ப்பதையும் காப்புப் பிரதியையும் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையர் வெளியே தேட வேண்டியதில்லை. 2023 ஓகஸ்ட் 26 அன்று லங்கா அரச மேகக் கணினியின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை, காரணம் அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லை. அங்கே ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013; அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு ஏப்ரலில் முடித்திருந்தது. அது கொன்டெய்னர் விவகாரம் அல்ல, பாதை தாண்டலால் நேர்ந்தது என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. ஆனால் கண்டியின் பின்னறைச் சேர்வர்களில் உள்ள நிலைமை இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. காப்புப் பிரதி எடுக்கும் கொன்டெய்னரும், அது எடுத்த பிரதியும் ஒரே வன்தட்டில் இருந்தால், சேர்வர் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில், சேர்வரிலிருந்து எழுதவோ அழிக்கவோ முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தால்

முதல் கை நடுக்கத்தில் கொன்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்புவதே வழக்கம். அழித்தால் தடயமும் அழியும். வலையமைப்பைத் துண்டித்து, கொன்டெய்னரை இடைநிறுத்தி வைப்பது நல்லது. நினைவகத்தில் உள்ளவை அப்போது கலையாது. மூலப் பிம்பத்திலிருந்து எந்தக் கோப்புகள் மாறின என்பதை டொக்கரின் 'டிஃப்' கட்டளை காட்டும். ஆனால் பாதை தாண்டலில் மாறியது கொன்டெய்னருக்கு வெளியே என்பதால், சேர்வரின் எஸ்எஸ்எச் அனுமதிப் பட்டியல்கள், நேர அட்டவணைப் பணிகள், தொடக்க அமைப்புக் கோப்புகள் ஆகியவற்றின் கடைசி மாற்றத் திகதியைப் பார்ப்பதே முக்கியம். சேர்வரில் இருந்த எல்லாக் கடவுச்சொற்களும் சாவிகளும் கைமாறிவிட்டதாகவே கருதி மாற்ற வேண்டும்.

கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்க 2006இல் தொடங்கப்பட்ட இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101 என்ற இலக்கத்தில் அழைத்துச் சம்பவத்தை அறிவிக்கலாம். விருந்தினரின் கடவுச்சீட்டு விவரமோ நோயாளியின் அறிக்கையோ கசிந்திருந்தால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பக்கத்து ஹோட்டலின் முன்பதிவுப் பக்கத்தில் ../ எழுதிப் பார்க்கத் தோன்றலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அதிகாரமின்றி ஒரு கணினிக்குள் நுழைவதற்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சோதிப்பதென்றாலும் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, எந்தச் சேர்வர், எந்தத் திகதி என்பதை அதில் குறித்த பிறகே தொடங்க வேண்டும்.